கையில் 30,000 இருந்தால் 22,000-க்கு வண்டி பாருங்கள்

பெங்களூருக்கு வேலைக்கு வரும் நம் ஊர்ப் பையன்கள் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கேட்கிற கேள்வி இது: "அண்ணா, கையில 30,000 இருக்கு, என்ன வண்டி வாங்கலாம்?" கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், ஆம்பூர் என்று எங்கிருந்து வந்தாலும் இதே கேள்விதான். என் பதிலும் மாறுவதில்லை. பழைய பைக்காகப் பாருங்கள், வண்டிக்கு 22,000-க்கு மேல் கொடுக்காதீர்கள். மிச்சப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், அதுவும் வண்டிச் செலவுதான்.

பழைய வண்டி எதுவாக இருந்தாலும் வாங்கிய கையோடு வேலை இருக்கும். பின் டயர் தேய்ந்திருக்கும், செயின் ஸ்ப்ராக்கெட் பல்லெல்லாம் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், பிரேக் ஷூ முடிந்திருக்கும், பேட்டரி கைவிட்டிருக்கும். இன்ஷூரன்ஸ் காலாவதி ஆகியிருந்தால் அதையும் போட வேண்டும். நல்ல ஹெல்மெட் ஒன்று வேண்டும். பின்னால் உட்காருகிறவருக்கும் 2016-இலிருந்து கர்நாடகத்தில் ஹெல்மெட் கட்டாயம், அதனால் இரண்டு என்றே வையுங்கள். மொத்தப் பணத்தையும் விற்பவர் கையில் கொடுத்துவிட்டு வழுக்கை டயரோடு மழையில் ஹெப்பாள் மேம்பாலத்தில் இறங்குகிற பையன்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

22,000-க்கு என்ன கிடைக்கும்? ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, பேஷன் ப்ரோ, ஸ்டார் சிட்டி. இதைச் சொன்னால் பாதிப் பேர் முகம் வாடிவிடுகிறது. அதே காசுக்குப் பழைய பல்சர் கிடைக்கிறதே என்கிறார்கள். கிடைக்கும். நாலைந்து கை மாறி, முறுக்கு முறுக்கென்று முறுக்கி ஓட்டப்பட்டு, இன்ஜின் வேலைக்குக் காத்திருக்கிற வண்டியாக இருக்கும். புதிதாக ஓட்டப் பழகுகிறவருக்கு எடையும் ஒரு விஷயம். ஸ்ப்ளெண்டர் சுமார் 110 கிலோ, பல்சர் 150 அதைவிட 30 கிலோவுக்கு மேல் கூடுதல். சில்க் போர்டு நெரிசலில் காலை ஊன்றி ஊன்றி நகரும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அந்த நெரிசலில் 150 சிசி வேகத்தை எங்கே போய்க் காட்டுவது? ஸ்ப்ளெண்டர் 1994-இலிருந்து ஓடுகிறது. எந்தத் தெரு மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்டுவார், ஜே.சி. ரோட்டுக்குப் போனால் கிடைக்காத உதிரிபாகம் கிடையாது. காசு குறைவாக இருப்பவருக்கு இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்?

ஒன்று கவனியுங்கள். டேங்கில் 'ஹீரோ ஹோண்டா' என்று இருந்தால் அது நன்றாகவே வயதான வண்டி. 2011 வாக்கில் இரண்டு கம்பெனியும் பிரிந்த பிறகு அந்தப் பெயர் போய்விட்டது. ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) 15 வருடத்துக்குத்தான். அதற்குப் பிறகு ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 1,000 ரூபாய் அல்லது அதற்கு மேல், தாமதித்தால் மாதத்துக்கு 300 அபராதம் வேறு. விலை குறைவாகச் சொல்கிறார்களே என்று மயங்குவதற்கு முன் ஆர்.சி.யில் தேதியைப் பாருங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எல்லாரும் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள், பேப்பரைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இன்ஜின் போனால் காசு போகும், சரிசெய்துகொள்ளலாம். பேப்பர் சரியில்லை என்றால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. 'ஃபார்ம் 29, 30-இல் ஓனர் கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கார், நீங்க எப்ப வேணும்னாலும் பேர் மாத்திக்கலாம்' என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். அந்தக் கையெழுத்து யாருடையது? அவர் இப்போது எங்கே இருக்கிறார்? போன் போட்டுப் பேசுங்கள். ஆர்.சி.யில் ஏதாவது வங்கியின் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் ஃபார்ம் 35-ம் கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இந்த ஊரில் சிக்னல் கேமராவில் விழும் டிராஃபிக் கேஸ் இன்னொரு தலைவலி. அபராதம் ஆள் மேல் வருவதில்லை, வண்டி நம்பர் மேல் ஏறிக்கொண்டே போகும். 2023 பிப்ரவரியில் பாதித் தொகை தள்ளுபடி என்று அறிவித்தபோது எத்தனை பேர் கட்ட ஓடினார்கள் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வண்டி பார்க்கப் போகும் முன்பே நம்பரை வாங்கி, பெங்களூர் போக்குவரத்து போலீஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு தம்பி வாங்கிய வண்டி மேல், வண்டி விலையில் கால்வாசிக்கு அபராதம் நின்றது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை.

பெயர் மாற்றாமலே ஓட்டுகிறவர்கள் நம் ஆட்களில் நிறைய. காரணம் சோம்பல் இல்லை. ஆதார் ஊர் முகவரியில் இருக்கும், இங்கே வாடகை வீட்டுக்கு ஒழுங்கான ஒப்பந்தம் இருக்காது, ஆர்.டி.ஓ.வில் முகவரிச் சான்று கேட்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்காகப் பேப்பரை விட்டுவிடக் கூடாது. வீட்டு ஓனரிடம் பேசி ஒப்பந்தத்தைப் பதிவு செய்து வாங்குங்கள், ஆதாரில் முகவரியை மாற்றுங்கள், அதற்குப் பிறகு வண்டி தேடுங்கள். ஒரு மாதம் பஸ்ஸில் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. விற்பவர் இழுத்தடித்தால் அவரிடமும் சொல்லுங்கள்: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டதும் பலர் தாங்களே ஆர்.டி.ஓ.வுக்குக் கிளம்பி வருவார்கள்.

ஓசூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று டி.என். 70 (ஓசூர்ப் பதிவு) வண்டி வாங்குவதும் இங்கே வழக்கம். ஓராண்டுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் ஓசூர் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. வாங்கி, கர்நாடக ஆயுள் வரி கட்டி, கர்நாடகத்தின் கே.ஏ. நம்பருக்கு மாற்ற வேண்டும். அதையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் காணாமல் போகிறது. ஊருக்குத் திரும்பப் போகிறவர் என்றால் சரி, மற்றவர்களுக்கு கே.ஏ. வண்டியே நல்லது.

வண்டியைப் பார்க்கும்போது, நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த வண்டி கிக்கரில் எடுக்கிறதா, நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, இன்ஜின் வேலை நிச்சயம். மீட்டரை நம்ப வேண்டாம், கால் வைக்கும் ரப்பரும் பிரேக் பெடலும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதே உண்மையான கணக்கு. சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இல் 23-ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழைய டயரில் பட்டன் (மேலே உள்ள வரிப்பள்ளம்) நன்றாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், மாற்றிவிடுங்கள்.

கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், அவருக்கு 500 ரூபாய் கொடுங்கள். யாரும் கிடைக்கவில்லை என்றால், அல்சூர், விவேக் நகர், ஈஜிபுரா பக்கம் இருப்பவர்கள் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்றால் நானே கூட வருகிறேன்.