எல்லோரும் 'லேக்' என்று சொன்ன அந்த மூன்று அத்தியாயங்கள்

நாவலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. முடிவைப் பற்றிப் பேசியாக வேண்டும். பெயரையும் சொல்லி முடிவையும் சொன்னால் இன்னும் படிக்காதவர்கள் கடைக்கே வந்து அடிப்பார்கள். கடலூர்–புதுச்சேரி சாலை, தொடர் கொலைகள், ஒரு பெண் எஸ்.ஐ., சவுக்குத் தோப்பில் கிடக்கும் உடல் என்றாலே படித்தவர்களுக்குப் புரிந்துவிடும்.

இரண்டு மாதமாக எங்கள் வட்டத்தில் இதே பேச்சு. வட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடை, சாயங்காலம் வக்கீல் குமாஸ்தாக்கள் கூட்டம் கலைந்ததும் வந்து உட்காரும் நாலு பேர், எதிர்க்கடை டீ. அவ்வளவுதான். புத்தகமும் ஒரே பிரதி. கை மாறிக் கை மாறி அட்டை கிழிந்து, இப்போது பள்ளிக்கூட நோட்டு மாதிரி பிரவுன் ஷீட் போட்டிருக்கிறேன்.

முதலில் படித்தது காலேஜ் தம்பி. "அண்ணா, நைட்டு பத்து மணிக்கு ஆரம்பிச்சேன், விடியறதுக்குள்ள முடிச்சிட்டேன். ஆனா 17-லேர்ந்து 19 வரைக்கும் செம லேக். அத மட்டும் தள்ளிட்டுப் படிங்க" என்றான். முகநூலில் பார்த்த பதிவுகளும் கிட்டத்தட்ட அதே ராகம்தான். ஒரே மூச்சில் படித்தேன், நடுவில் மட்டும் இழுவை, கிளைமாக்ஸ் மிரட்டல். நான் நேர் எதிர். அந்த மூன்று அத்தியாயங்கள்தான் நாவல். மிரட்டல் என்று எல்லோரும் சொல்லும் கடைசி நாற்பது பக்கம்தான் எனக்கு இழுவை. அங்கேதான் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மெஷினுக்கு டோனர் மாற்றப் போனேன்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கதையில் ஒரு இடத்தில் எஸ்.ஐ. தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்து, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்த்தபடி யோசிக்கிறார். ஐயா, எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் இங்கே ஏறும், இறங்காது. இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும்.

அடுத்தது தானே புயல். முதல் கொலை 2011 டிசம்பர் 29 இரவு நடக்கிறது. விடிந்தால் புயல் கரையைக் கடக்கிறது, சுவர் இடிந்து செத்தவர்களின் கணக்கில் அந்தப் பெண்ணும் போய்விடுகிறாள். இந்த யோசனைக்கு எழுந்து நின்று கைதட்டலாம். அந்த இரவை நாங்கள் பார்த்திருக்கிறோம். காலையில் கதவைத் திறந்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு படுத்துக் கிடந்தன. அப்படி ஒரு நாளில் ஒரு சாவை யார் துருவிப் பார்த்திருப்பார்கள்? எல்லாம் சரி. ஆனால் கதை 2016-க்கு வந்ததும் எஸ்.ஐ. அந்தப் புயல் இரவின் சிசிடிவி பதிவை ஒரு பெட்ரோல் பங்க்கில் வாங்கிப் பார்க்கிறார்! பதிவுகள் சில வாரங்களில் தானாகவே அழிந்து அதன்மேல் புதியது ஏறிக்கொள்ளும். ஐந்து வருடம் யார் வைத்திருந்தார்கள்? கரண்ட் இல்லாத இரவில் கேமரா எப்படி ஓடியது? "ஜெனரேட்டர் இருந்திருக்கும்ணா" என்று தம்பி விடாமல் வாதாடினான். இருக்கட்டும், ஜெனரேட்டர் ஓடட்டும். ஐந்து வருடத்துக்கு என்ன பதில்? டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

டாக்டர் உடலைத் தொட்டுப் பார்த்து "சரியாக 11.40" என்று நேரம் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலூர் வெயிலில் உடல் விறைப்பதும் விறைப்பு தளர்வதும் சீக்கிரமே நடந்துவிடும். எந்த டாக்டரும் இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்றுதான் எழுதுவார்.

இப்போது அந்த மூன்று அத்தியாயங்கள்.

17-வது அத்தியாயத்தில் உடல் முள்ளோடை அருகே கிடக்கிறது. பாதை தெரிந்தவர்களுக்கு இதன் சுவை தெரியும். புதுச்சேரி என்பது ஒரே துண்டாக இருக்கும் நிலம் இல்லை. நடுவில் தமிழ்நாட்டு ஊர், அதைத் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி ஊர் என்று கலந்து கிடக்கும். ஒரே சாலையில் இரண்டு அரசாங்கம், இரண்டு போலீஸ், தொப்பிகூட வேறு. தோப்பின் எல்லைக்கல் எங்கே என்று இரண்டு பக்கத்து வருவாய்த் துறை ஆட்களும் கயிறு பிடித்து அளக்கிறார்கள். உடல் வெயிலில் கிடக்கிறது. சென்னை வாசகர்களுக்கு இது இழுவையாகத் தெரிந்திருக்கலாம். எங்கள் கடையில் இந்த இடத்தைச் சத்தமாகப் படித்துச் சிரித்தோம், அப்புறம் சிரித்ததற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டோம். எந்த ஸ்டேஷனில் புகார் கொடுத்தாலும் பதிய வேண்டும், எல்லைப் பேச்செல்லாம் பிறகுதான் என்பதை 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் பிரிவு எண் போட்டே எழுதிவிட்டது. கதை நடப்பது அதற்கு முன்னால்.

18-வது அத்தியாயம் எனக்காகவே எழுதியது போல இருந்தது. எஸ்.ஐ. ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய்ப் பழைய 174-வது பிரிவுக் கட்டுகளைக் கேட்கிறார். சந்தேக மரணம் என்று பதிவாகி, விசாரணை முடிந்ததாக மூடிக் கட்டிய கோப்புகள். இப்போது புதிய சட்டத்தில் அந்தப் பிரிவுக்கு எண் 194, ஆனாலும் என் கடைக்கு வரும் குமாஸ்தாக்கள் வாயில் இன்னும் 174 தான். முதல் கட்டில் சுவர் இடிந்து சாவு. இரண்டாவது தூக்கு. மூன்றாவது கெடிலம் ஆற்றில் மூழ்கியது. மூன்று ஊர், மூன்று வருடம், மூன்று கையெழுத்து. முதல் கோப்பில் "இடது மணிக்கட்டில் பச்சைக் கயிறு" என்று ஒரு வரி. அடுத்ததில் "வேண்டுதல் கயிறு". மூன்றாவதில் "நைலான் நூல் இரண்டு சுற்று". எழுதிய மூன்று பேரும் கோயில் கயிறு என்று நினைத்துப் பேனாவை மூடிவிட்டார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கவே வாய்ப்பில்லை.

பதினாறு வருடமாக மகஜர், வாக்குமூலம், குற்றப்பத்திரிகை என்று பக்கம் பக்கமாக நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். படிக்கக் கூடாதுதான். ஆனால் காகிதம் மெஷினிலிருந்து வெளியே வரும்போது கண் போய்விடுகிறது. ஒரே பொருளுக்கு மூன்று பேர் மூன்று பெயர் எழுதுவது எனக்குப் பழகிய விஷயம். தொடர் கொலையில் 'தொடர்' என்பதை யாராவது உட்கார்ந்து கோத்தால்தான் உண்டு. அதுவரை அவை தனித்தனிச் சாவுகள்தான். 2005-இல் அமெரிக்க எஃப்பிஐ கூட்டிய கருத்தரங்கு ஒன்றில், வெவ்வேறு சம்பவங்களில் இரண்டு பேரைக் கொன்றாலே அவன் தொடர் கொலையாளி என்று வரையறுத்தார்கள். வரையறை எழுதிவிடலாம். இரண்டு சம்பவமும் ஒரே மேசைக்கு வர வேண்டாமா? இந்த நாவலில் அந்த மேசையைத் தேடி ஒரு பெண் பஸ்ஸில் அலைகிறாள். இதைவிட என்ன வேகம் வேண்டும்?

19-இல் முதல் பெண்ணின் வீட்டுக்குப் போகிறார். அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பொண்ணோட செருப்பும் போனும் எப்போ திருப்பித் தருவீங்க? பேச்சோடு பேச்சாகக் கயிறு பற்றிக் கேட்டால், "அவ கையில கயிறே கட்ட மாட்டா, அரிக்கும்னு சொல்லுவா" என்கிறாள். வழக்கின் முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. தம்பி தள்ளிவிட்டுப் படிக்கச் சொன்ன பக்கத்தில்தான் இது இருக்கிறது. "அப்புறம் எஸ்.ஐ.க்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நினைச்ச?" என்று கேட்டேன். "ஏதோ கண்டுபிடிச்சாங்கன்னு விட்டுட்டேன்ணா" என்றான்.

சரி, கடைசி நாற்பது பக்கம். முந்திரி கிடங்கில் கொலைகாரனும் எஸ்.ஐ.யும் தனியாக. அவன் உட்கார்ந்து சின்ன வயதுக் கதையைச் சொல்கிறான், சொல்கிறான், சொல்லிக்கொண்டே இருக்கிறான். சித்தி கொடுமை, இருட்டறை, பச்சை நூல். வட்டத்தில் ஒருவர் ஓய்வுபெற்ற ஏட்டு. இந்த இடம் வந்ததும் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, இவ்வளவும் சொல்லிட்டான் சரி. கோர்ட்ல எதைக் காட்டுவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-வது பிரிவு, புதியதில் 23. அவன் சொன்னதை வைத்துப் போய் ஒரு பொருளை எடுத்தால், அந்தப் பொருளைப் பற்றிய அளவு மட்டும் செல்லும். ஒப்புக்கொள்வதாக இருந்தால் மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்க வேண்டும்.

இதை நான் சட்டப் பிழை என்று சொல்லிக் குத்தவில்லை. கதைக்கே நஷ்டம் என்கிறேன். அவன் எல்லாவற்றையும் சொல்லி, அந்தச் செருப்பும் போனும் எங்கே என்பதை மட்டும் சொல்லாமல் சிரித்திருந்தால்? எஸ்.ஐ.க்கு உண்மை முழுக்கத் தெரியும், கையில் ஒன்றும் இருக்காது. 19-இல் அந்த அம்மா கேட்ட கேள்வி திரும்ப வந்து நிற்கும். ஆசிரியர் தானே புதைத்து வைத்த புதையலை மறந்துவிட்டார். "எதுக்குக் கொன்னான்னு நாங்க எங்க சார் போய்க் கேப்போம்? பொருள் கெடைச்சா போதும்" என்றார் ஏட்டு.

வட்டத்தில் இருக்கும் பெரியம்மாவின் கோபமே வேறு. திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் மாத நாவல் வாங்கி, விழுப்புரம் வருவதற்குள் முடித்துவிட்ட தலைமுறை அவர். "அப்பல்லாம் சொத்துக்காகக் கொல்லுவான், கள்ளத் தொடர்புக்காகக் கொல்லுவான், நமக்கும் புரியும். இப்ப எவனைப் பாத்தாலும் சித்தி கொடுமையாம். எத்தனை சித்திங்க எத்தனை புள்ளைங்கள வளத்திருக்காங்க!" பெரியம்மாவே ஒரு சித்தி. மூன்று பேரை வளர்த்தவர். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

இன்னொரு குறையைச் சொன்னவர் பக்கத்துக் குப்பத்து அண்ணன், படகு வைத்திருப்பவர். அந்தப் பச்சை நூலில் இருப்பது வலை முடிச்சு என்று சொல்லி, நாவலில் பாதி தூரம் மீனவர் குப்பத்தையே போலீஸ் புரட்டி எடுக்கிறது. கடைசியில் கொலைகாரன் அங்கே இல்லை என்பது வேறு கதை. அண்ணன் புத்தகத்தில் முடிச்சு போடும் விவரத்தை இரண்டு தடவை படித்தார். கடையில் பார்சல் கட்டும் நூலை எடுத்து அதேபடி போட்டார். இழுத்தார். உருவிக்கொண்டு வந்தது. "வலை முடிச்சு உருவுச்சுன்னா கண்ணு பெருசாயி மீனெல்லாம் போயிடும். உருவக் கூடாதுன்னுதான் அந்த முடிச்சே" என்று சொல்லி இன்னொன்று போட்டுக் காட்டினார். இழுக்க இழுக்க இறுகியது. ஒரு சாயங்காலம் ஏதாவது ஒரு குப்பத்தில் போய் உட்கார்ந்திருந்தால் ஆசிரியருக்கு இது கிடைத்திருக்கும். முடிச்சு தெரியாத ஒருவன் மீனவன் மேல் பழி விழட்டும் என்று போட்ட முடிச்சு என்று அதையே துப்பாகவும் மாற்றியிருக்கலாம். அந்த நூல் இன்னும் என் கல்லாவில் கிடக்கிறது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டுப் படிக்கச் சொல்கிறாயா என்றால், ஆமாம், படியுங்கள். அந்த மூன்று அத்தியாயங்களுக்காக. மெதுவாக, முடிந்தால் 18-ஐ இரண்டு தடவை.

ஏட்டு போன வாரம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஓரமெல்லாம் பென்சில். "நேரம்?", "வாரன்ட் இல்லாம எப்படி?", "பஞ்சாயத்தார் கையெழுத்து எங்கே?" 18-வது அத்தியாயத்தில் மட்டும் ஒரு கோடு இல்லை. கேட்டேன். "அந்த மூணாவது கட்டு மாதிரி நானும் எழுதியிருக்கேன் தம்பி" என்றார். எந்த ஸ்டேஷன், எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை.

பிரதி இப்போது கடையில்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஞாயிறு லீவு. பென்சில் குறிப்புகளை அழிக்க வேண்டாம்.