தங்க முலாம் பூசிய கேபிளால் கலர் கூடிவிடாது

“4கே டிவிக்குத் தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ 2.1 கேபிள் போட்டால்தான் கலர் பளிச்சென்று வரும், பழையதைத் தூக்கிப் போடுங்கள்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னிக்கணும் சார், அது சரியில்லை.

எச்டிஎம்ஐ என்பது செட்-டாப் பெட்டி, கேம் பெட்டி போன்றவற்றை டிவியோடு இணைக்கும் கேபிள். அதில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் தாங்கவில்லை என்றால் கலர் மங்காது. திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், படம் விட்டு விட்டு வரும், இல்லையென்றால் மொத்தமாகக் கறுத்துவிடும். இதெல்லாம் இல்லையா, உங்கள் பழைய கேபிளே போதும். தங்க முலாம் முனை துருப்பிடிக்காமல் இருக்க மட்டுமே.

அப்புறம் இந்த 2.1 என்பது கேபிளின் தரப்பெயரே இல்லை, டிவியிலும் அந்தப் பெட்டிகளிலும் கேபிளைச் செருகும் போர்ட்டுக்கானது. கேபிள் அட்டையில் பார்க்க வேண்டியது வேறு: ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்றால் நொடிக்கு 18 ஜிகாபிட் தகவல் போகும், 4கே 60 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 60 படம்) தாராளம். ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்றால் 48 ஜிகாபிட். பிளேஸ்டேஷன் 5 மாதிரி கேம் பெட்டியில் 120 ஹெர்ட்ஸில் விளையாடுகிறவர்களுக்குத்தான் அது தேவை, அந்தக் கேபிளும் பிளேஸ்டேஷன் 5 வாங்கும்போதே கூட வருகிறது. அட்டையில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறுமனே ‘8கே’ என்று அச்சடிக்க யாராலும் முடியும்.

கலர் சப்பென்று இருந்தால் முதலில் டிவி செட்டிங்ஸில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு ‘என்ஹான்ஸ்டு’ போன்ற தேர்வு அணைந்திருக்கிறதா பாருங்கள். பல டிவிகளில் அதைப் போட்டால்தான் எச்டிஆர் (வெளிச்சத்தையும் கலரையும் கூடுதலாகக் காட்டும் முறை) முழுதாக வரும். காசு செலவில்லை.

சுவருக்குள் பத்து மீட்டர் இழுக்கிறவர்கள் மட்டும் ஆப்டிகல் (ஒளியிழை) எச்டிஎம்ஐ கேபிள் வாங்கலாம். அதற்குத் திசை உண்டு, டிவி பக்கம் எது என்று முனையிலேயே எழுதியிருக்கும்.