3 மில்லிமீட்டர்

போன மாதம் கோத்தகிரியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் லேப், குழந்தைகளுக்குத் தைராய்டு ஸ்கேன் முகாம் நடத்தியது. சலுகை விலை வேறு. அக்கா தன் மகளைக் கூட்டிப் போனாள். ஆறாம் வகுப்பு, ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை. கழுத்தில் ஜெல் தடவியதும் குளிருது என்று நெளிந்து சிரித்தாளாம். ரிப்போர்ட்டில் '3 மி.மீ. நீர்க்கட்டி' என்று ஒரு வரி. அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போனது.

மேட்டுப்பாளையம் இறங்கி கோவைக்கு இரண்டு நடை. வளைவுக்கு வளைவு பிள்ளைக்கு வாந்தி. கடைசியில் பார்த்த டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், தண்ணீர் விழுங்கச் சொல்லிக் கவனித்தார், வருடத்துக்கு எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று கேட்டார். தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.ஹெச். அளவும் ரத்தத்தில் சரியாக இருந்தது. "இதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, விட்டுடுங்க."

ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு சுமார் 3 லட்சம் பிள்ளைகளுக்கு இதே ஸ்கேனை எடுத்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சின்ன நீர்க்கட்டியோ முடிச்சோ இருந்தது. சரி, கதிர்வீச்சு வேலை என்று நினைத்தால், தொலைவிலிருக்கும் நாகசாகி, அவோமோரி, யமனாஷி பிள்ளைகளிடமும் பாதிக்கு மேல்! தென்கொரியாவில் பெரியவர்களுக்கு ஸ்கேன் பரவலானதும் 1993-ஐவிட 2011-இல் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு கண்டுபிடிக்கப்பட்டது. சாவு எண்ணிக்கை மட்டும் குறையவே இல்லை. அணு விபத்து நடந்த இடத்தில்கூட எல்லோருக்கும் ஸ்கேன் எடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-இல் சொல்லிவிட்டது. நம் மலையில் எதற்கு முகாம்?

ஸ்கேன் மேல் எனக்குக் கோபமில்லை. கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால், முன்பு அங்கே கதிர்வீச்சு சிகிச்சை நடந்திருந்தால் உடனே எடுக்கத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு அப்படிக் கட்டி வருவது குறைவு, ஆனால் வந்தால் புற்றாக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம்.

முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்றால் என் மனதில் வருவது பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கிற சில சொட்டு ரத்தம்தான். பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சுரப்பி இடத்தில் இருந்தும் சுரக்காமல் போகலாம், அதைப் படம் சொல்லாது. முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி தப்பும். "பாப்பாவுக்கு அதை எடுத்தாங்களா அக்கா?" என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றாள். பழைய ஃபைலைப் புரட்டினோம், எங்கேயும் இல்லை.

அப்புறம் உப்பு. தைராய்டு சுரக்க அயோடின் வேண்டும். மலை மண்ணிலிருந்து அயோடினை மழை கழுவிக்கொண்டு போய்விடும், அதனால்தான் மலை ஊர்களில் முன்கழுத்துக் கழலை. அயோடின் சேர்க்காத சமையல் உப்பை விற்க 2006-லேயே தடை வந்துவிட்டது. நேற்று அக்கா வீட்டு அடுப்பு மேடையில் பார்த்தேன்: மூடியில்லாத ஜாடியில் கல் உப்பு, மூடுபனி ஈரத்தில் கசிந்து அடியில் இரண்டு விரல் தண்ணீர். பாக்கெட்டைத் தேடி எடுத்து முன்னும் பின்னும் திருப்பினேன். அயோடின் என்ற சொல்லே அதில் இல்லை.