இரண்டு மாதம் குறைவு

தேர்தல் நாளன்று அக்கா மகளும் எங்களோடு வாக்குச்சாவடி வரை வந்தாள். உள்ளே செல்போன் கூடாது என்றதால் எங்கள் மூன்று பேருடைய போன்களையும் சீட்டுக்கட்டு போல அடுக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றாள். கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளை முழுதாகப் படித்தவள் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான். முதல்நாள் இரவு எனக்கு விளக்கியதும் அவள்தான். வயது 17, பத்து மாதம். அதனால் போன் பிடிக்கலாம், ஓட்டுப் போடக் கூடாது.

வாக்களிக்கும் வயதை 16 ஆக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், "அதற்குள் என்ன பக்குவம்?" என்பார்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே வெட்கம். என் முதல் ஓட்டு அப்பா கைகாட்டிய ஆளுக்கு விழுந்தது. அவர் பெயரையே வாக்குச்சீட்டில்தான் முதன்முதலாகப் படித்தேன். என் பக்குவத்தை அன்று யாரும் சோதிக்கவில்லை, இன்றுவரை சோதித்ததில்லை.

இந்த வயதுக் கோடு பக்குவத்தை அளந்து போட்டதா என்ன? 1918இல் பிரிட்டனில் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 30, அதிலும் சொத்துத் தகுதி வேறு. பெண்ணுக்கு அறிவு முளைக்க ஒன்பது ஆண்டு கூடுதலாகத் தேவைப்பட்டதா? போரில் ஆண்கள் லட்சக்கணக்கில் மாண்டிருந்தார்கள்; சம வயது கொடுத்தால் பெண் வாக்காளர்கள் மிஞ்சிவிடுவார்களே என்ற பயம்தான். அதே சட்டம் போர்முனைக்குப் போன பையன்களுக்கு 19 வயதிலேயே ஓட்டுக் கொடுத்தது. அமெரிக்காவோ 1942இல் படைக்கு ஆளெடுக்கும் வயதை 18 ஆக்கியது. நாடு முழுவதும் 18 வயதில் ஓட்டு என்றானது 1971இல்தான். துப்பாக்கிக்கும் வாக்குச்சீட்டுக்கும் இடையே 29 ஆண்டுகள்!

ஸ்காட்லாந்துக் கதை இன்னும் வேடிக்கை. 2014 செப்டம்பரில் தனிநாடு வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்பில் 16 வயதுப் பிள்ளைகளும் வாக்களித்தார்கள். அப்போதுதான் 16 முடிந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 2016 மே மாதம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலிலும் அவள் வாக்களிக்கலாம். ஏழு வாரம் கழித்து, ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று கேட்டபோது மட்டும் அவள் சின்னப் பிள்ளை. அங்கே 18 வேண்டுமாம். ஏழு வாரத்தில் பக்குவம் எங்கே ஓடிப்போனது?

"ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாதவர்களுக்கு ஓட்டா?" என்ற கேள்வியில் மட்டும் கொஞ்சம் நின்று யோசித்தேன். தப்பான ஒப்பந்தம் அந்தப் பிள்ளையின் தலையிலேயே விடியும். தப்பான ஓட்டு லட்சத்தில் ஒன்று. நம்முடைய தப்புகளோடு கலந்துபோகும். பிரேசில் 1988இலேயே 16, 17 வயதினருக்கு விரும்பினால் வாக்களிக்கலாம் என்று வழிவிட்டது. ஆஸ்திரியா 2007இல் 16 ஆக்கியது. இரண்டும் கவிழ்ந்துவிடவில்லை.

எங்களுக்கு அடுத்த தேர்தல் ஐந்து ஆண்டு கழித்து. அன்று அவளுக்கு 22 முடிந்து பத்து மாதமாகியிருக்கும். சட்டப் புத்தகத்தில் 18 என்றுதான் இருக்கிறது.

வெளியே வந்ததும் போனை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "யாருக்குப் போட்டீர்கள் மாமா?"

"அது ரகசியம்" என்றேன்.

"நான் சொன்ன ஆளுக்குத்தானே?"

போனை ஆன் செய்வதில் மும்முரமாக இருந்தேன்.