லிரா சரிந்ததால் மட்டும் இஸ்தான்புல் மலிவாகிவிடாது

"துருக்கி லிராவின் மதிப்பு சரிந்துவிட்டதால் வெளிநாட்டவருக்கு இஸ்தான்புல்லில் எல்லாமே மலிவு" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது பாதி உண்மைதான். லிரா சரியச் சரிய உள்ளூர் விலைவாசியும் ஏறிக்கொண்டே வந்தது. 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அதைவிட முக்கியமாக, பயணிகள் தேடிச் செல்லும் சில இடங்களின் கட்டணம் லிராவில் நிர்ணயிக்கப்படுவதே இல்லை: பழம்பெரும் பள்ளிவாசலான ஹாகியா சோஃபியாவின் மேல்மாடத்தைப் பார்க்க 2024 ஜனவரியில் வெளிநாட்டவருக்கு 25 யூரோ விதிக்கப்பட்டது, ஆகவே லிரா எவ்வளவு விழுந்தாலும் நமக்கு அதில் ஒரு காசுகூட மிச்சமாகாது. கட்டணமில்லாத சுலைமானியே பள்ளிவாசலும், ஐரோப்பியக் கரையின் எமினோனு துறையிலிருந்து இஸ்தான்புல்கார்ட்டை (நகரப் போக்குவரத்து அட்டை) தட்டிவிட்டு ஏறினால் ஆசியக் கரையில் கதிகோய் பகுதியில் இறக்கிவிடும் பயணிகள் படகும் (என் கணிப்பில் நகரத்தின் மிகச் சிறந்த காட்சியே அதுதான்) இன்றும் கைக்கு அடக்கமானவையே. ஆனால் அவற்றை மட்டும் வைத்து மொத்தச் செலவைக் கணக்கிட்டுக் கிளம்புபவருக்கு முதல் நாளிலேயே பட்ஜெட்டில் துண்டு விழும்.