"வீட்டுல யாரையாவது படிக்கச் சொல்லுங்க சார்"

நம்ம பெங்களூரு அல்சூர் பொங்கல் விழா அழைப்பிதழ் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். சங்கத்தின் பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் "எத்தனை மணிக்கு, எங்கே?" என்று கேட்டார். அழைப்பிதழ் முழுக்கப் படம், எழுத்தாக ஒரு வரி கிடையாது. கிடைத்த பதில்தான் தலைப்பு. கூடவே கைகூப்பும் எமோஜி. மரியாதைக்குக் குறைவில்லை!

படத்துக்குள் இருப்பது, திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் ஸ்கிரீன் ரீடருக்கு எழுத்தே இல்லை. "ஃபேஸ்புக்தான் படத்துக்குத் தானாகவே விவரம் போடுதே" என்கிறார் ஒரு நண்பர். போடுகிறது, 2016இலிருந்தே. கரும்புக்கும் கோலத்துக்கும் மேல் வளைத்து வளைத்து எழுதிய தமிழில் அது எதைக் கண்டுபிடிக்கும்? கம்ப்யூட்டரில் படத்தைச் சேர்த்ததும் 'எடிட்' போங்கள், மாற்று உரைக்கு, அதாவது ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும் பட விவரத்துக்கு, இடம் இருக்கும். "பொங்கல் படம்" என்று எழுதிக் கடமையை முடிக்காதீர்கள். நாள், நேரம், இடம், தொடர்பு எண். கரும்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது யாருக்கும் வேண்டாம். வாட்ஸ்அப்பா? அதே விவரத்தைப் படத்தின் கீழே கேப்ஷனாகப் போடுங்கள், தீர்ந்தது.

"டிசைனர் ஃபைல்லேர்ந்து காப்பி பண்ணிப் போட்டோமே?" போட்டீர்கள். அவர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறார். அந்த எழுத்துருவில் உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். 'தமிழ்' என்று தெரிவதைக் காப்பி பண்ணி ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் பாவம், அதைத்தான் வாசிக்கும். எந்தக் கருவியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசம். மாற்றியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் சிலசமயம் இடம் மாறியிருக்கும்.

"டிசைன் அழகு போயிடும்." மாற்று உரை கண்ணுக்கே தெரியாது சாமி! அழகைக் கெடுத்தது மஞ்சள்மேல் வைத்த வெள்ளை எழுத்து. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டி. பளீர் மஞ்சளில் வெள்ளை வைத்தால் 1.1:1கூட வராது. கண் நன்றாகத் தெரிகிறவர்களே ஃபோனை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"ஒருத்தருக்காகவா இவ்வளவு?" கேட்டவர் ஒருத்தர். கேட்காமலே ஒதுங்கிப்போனவர்களை எண்ணினீர்களா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42வது பிரிவு, தகவல் எல்லோரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்பது, அரசுக்குத்தானே என்று ஒரு சட்ட நிபுணர் வேறு கிளம்பினார். சரி சார், நீங்கள் அரசு இல்லை. ஆண்டுச் சந்தாவை மட்டும் அந்தப் பார்வையற்ற உறுப்பினரிடம் முழுசாக வாங்கினீர்களே, அதில் ஏதாவது கழித்தீர்களா? சந்தா கேட்டு அனுப்பிய மெசேஜில் படம் கிடையாது, பாமினி கிடையாது. சுத்தமான யூனிகோடு. வங்கிக் கணக்கு எண்கூட ஒரு இலக்கம் பிசகாமல் அவர் ஃபோன் வாசித்தது.