ஆன்டிபயாடிக் மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் வருமா?

“ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் குடலிலுள்ள நல்ல பாக்டீரியா செத்து, மார்பகப் புற்றுநோய் வரும். தினமும் பழைய சோறு சாப்பிட்டால் கட்டி கரையும்” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே நிரூபிக்கப்படாதவை.

முதல் பாதிக்கு ஒரு வேர் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2,266 மார்பகப் புற்றுநோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. ஆன்டிபயாடிக் அதிகம் எடுத்தவர்களிடம் இந்நோய் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் மருந்துதான் காரணமா, அல்லது மருந்து தேவைப்பட்ட உடல்நிலையா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என ஆய்வாளர்களே எழுதினார்கள். ஃபார்வர்டில் அந்த வரியைக் காணோம்.

குடலுக்கும் மார்பகத்துக்கும் தொடர்பே இல்லையா என்றால், இருக்கக்கூடும். கல்லீரல் கழித்துவிடும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சில குடல் பாக்டீரியாக்கள் பீட்டா குளுக்குரோனிடேஸ் என்ற நொதியால் பிரித்து விடுவித்துவிடுகின்றன. அது மறுபடி ரத்தத்தில் கலக்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனால் வளர்பவை என்பதால்தான் இந்த ஆராய்ச்சி நடக்கிறது.

பழைய சோறு நல்ல உணவு, சந்தேகமில்லை. கட்டியைக் கரைக்கும் மருந்து அல்ல. கீமோதெரபியில் தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாடிக்தான் உயிர் காக்கும். இந்தச் செய்தியை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். அந்த நேரத்தில் புரோபயாடிக் (நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய) மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். அதிலுள்ள நுண்ணுயிரே ரத்தத்தில் தொற்றாகலாம்.